பால் பொங்கும் நேரம் போதும்

பத்தொன்பது வருடமாக மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். சின்ன கிளினிக்தான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோள், முழங்கால், இடுப்பு என்றுதான் வருவார்கள். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளைப் படத்தோடு ஒரு தாளில் கொடுத்து அனுப்புவேன். முன்பெல்லாம் எட்டுப் பயிற்சி, ஒவ்வொன்றும் பத்து தடவை, தினம் மூன்று வேளை என்று எழுதித் தருவேன். அடுத்த வாரம் "செஞ்சீங்களாம்மா?" என்று கேட்டால் தலை குனிந்துவிடும். "முதல் மூணு நாள் செஞ்சேன் மேடம். அப்புறம் ஊர்ல இருந்து ஆளுங்க வந்துட்டாங்க..." இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவர்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். கோளாறு என் தாளில் இருந்தது என்பதைப் புரியவைத்தவர் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர்.

அவருக்கு வலது தோள் இறுக்கம், ஃப்ரோசன் ஷோல்டர். கூடவே பத்து வருட சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிப்போகும். முதலில் வலி, பிறகு இறுக்கம், அப்புறம் மெதுவாக இளகும். சரியாக ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். அந்த அம்மாவால் தலை பின்ன முடியவில்லை. மேல்தட்டில் இருக்கும் புளி டப்பாவை எடுக்க யாரையாவது கூப்பிட வேண்டும். ரவிக்கையில் கை நுழைக்க மருமகளை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.

மூன்றாவது தடவை வந்தபோது தாள் எங்கே என்று கேட்டேன். சாமி ஷெல்ஃபில் பத்திரமாக இருக்கிறது என்றார். அன்றைக்குத் தாளைப் பற்றிப் பேசாமல், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தரைக்கு எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டுவிட்டு வந்து அடுப்பில் பால் வைப்பாராம். பால் பொங்கும் வரைக்கும்? "சும்மாதான் நிப்பேன். அந்தப் பக்கம் போனா பொங்கி ஊத்திடுமே."

அந்த நாலைந்து நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டோம். அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, இடது கையால் மேடையைப் பிடித்து லேசாகக் குனிய வேண்டும். வலது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் பத்து முறை, சின்ன வட்டமாகப் பத்து முறை. அது முடிந்ததும் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் விரல்களை எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற்ற வேண்டும். எட்டின இடத்தில் வாரத்துக்கு ஒரு பென்சில் கோடு. இது போதும், வேறு எதுவுமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் மூன்று வாரம் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகவே விழுந்தன. இரண்டாம் மாதம் விரலளவு மேலே போயின. வாட்ஸ்அப்பில் சுவரைப் படம் எடுத்து அனுப்புவார். அதே சுவரில் பேரன் உயரத்தைக் குறித்த பழைய கோடுகளும் இருக்கும். ஏழாம் மாதம் வந்த படத்தில் சுவர் இல்லை, அவர் கையில் புளி டப்பா இருந்தது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. நம் பக்கம் ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்ன செயலை எடுத்து, காலைச் சாப்பாடு மாதிரி தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் செய்தார்கள். அது யோசிக்காமலே நடக்கிற பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

ஏனென்றால் அங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பொங்கல் வரும், கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். இரண்டு நாள் போனதும் "எல்லாம் போச்சு" என்று மனசு விட்டுவிடும். இன்னும் சிலர் விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் இருமடங்கு செய்துவிட்டு வீங்கின முழங்காலோடு வருவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விட்ட நாள் விட்ட நாளாகவே போகட்டும். மறுநாள் அதே பால், அதே பத்து முறை. வலி மறுநாளும் குறையாமல் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, காட்டிவிட்டு அப்புறம் தொடருங்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களைப் பார்க்கிறேன். பல வருடம் சிகரெட்டை விட முடியாதவர் மாலை கழுத்தில் இருக்கும்வரை தொடுவதே இல்லை. கழற்றின அன்றைக்குத் திரும்பப் பற்றவைக்கிறவர்களும் உண்டு. அந்த மாலை எவ்வளவு வேலை செய்திருக்கிறது பாருங்கள். குளிக்கும்போது கையில் படுகிறது, எதிரில் வருகிறவர் "சாமி" என்கிறார், நாள் முழுக்க ஏதாவது ஒன்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பால் பாத்திரம் செய்ததும் அதே வேலைதான். பாலைத் தினமும் காய்ச்சியாக வேண்டும் என்பதால் அதற்கு முடிவுத் தேதி கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி தொடங்கின முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை வேலை வாங்கப் பழகுவதால் வருகிறது. தசை கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர இரண்டு மாதமாவது ஆகும். ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்த பையன்கள் பிப்ரவரி நடுவில் கண்ணாடியைப் பார்த்துச் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்போதே விட்டுவிடுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இப்போது நான் யாருக்கும் தாள் நிறைய எழுதுவதில்லை. ஒன்று அல்லது இரண்டுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இரவு கால் கழுவும்போது பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன், மரத்துப்போன காலில் புண் வந்தால் வலி தெரியாது. சாப்பிட்டபின் பத்து நிமிஷ நடையும் அவர்களுக்குத்தான். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மூச்சில் 30 நிமிஷம் நடப்பதைவிட மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிஷம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைவாக இருந்தது. அந்த அம்மா இப்போது ராத்திரி மொட்டை மாடியில் நடக்கிறார். நான் சொல்லவில்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது.

போன வாரம் தன் தங்கையைக் கூட்டி வந்திருந்தார். அவருக்கு இடது தோள். நான் கையைத் தூக்கிப் பார்த்து முடிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார்: "காலையில பால் யாரு காய்ச்சுறா? நீயா?"

"மருமக காய்ச்சிடுவாக்கா."

"சரி, செடிக்குத் தண்ணி?"

"அது நான்தான். ஹோஸ் போட்டு விட்டுட்டு நிப்பேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பென்சிலை எடுத்தேன்.