சாதாரணப் பாவனைக்கு ஒரு மலிவு டெப்: கடைக்குள்ளேயே பார்த்துவிட வேண்டியவை

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாட்களிலும், ஆண்டுத் தொடக்கத்தில் பாடசாலை திறக்கும் நாட்களிலும் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நான் வைத்திருக்கும் போன் திருத்தும் கடைக்கு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அண்ணே, பிள்ளைக்கு ஒரு டெப் எடுக்கணும். பெருசா ஒண்ணும் வேணாம், சாதாரணமா பாவிக்கத்தான். எதை எடுக்கலாம்?” நான் டெப் (டேப்லட்) விற்பதில்லை. பழுதானதைத் திருத்துவது மட்டும்தான் என் தொழில். எந்த மாதிரி டெப் என்ன காரணத்துக்காக என் மேசைக்கு வருகிறது, எது திருத்திப் போகிறது, எது திருத்த முடியாமல் போகிறது என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரணப் பாவனை என்றால் நம் பக்கத்தில் என்ன? யூடியூபில் பாடம், சூம் வகுப்பு, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இறக்கிய பாடப்புத்தகம், ஈ-தக்சலாவ என்ற அரசின் இணையப் பாடத் தளம், கடந்தகால வினாத்தாள், குவைத்தில் இருக்கும் அம்மாவோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச்சு, இரவில் ஒரு படம். இதற்கெல்லாம் விலை கூடிய டெப் தேவையே இல்லை. ஆனால் குறைந்த விலை என்று நாம் சொல்வதும் நம் வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த, தோட்டத் தொழிலாளரின் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், 40,000 ரூபாய் டெப் என்பது ஏறக்குறைய 30 நாள் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். அட்டைக்கடியோடும் மழையோடும் கொழுந்தெடுத்த ஒரு மாத உழைப்பு. அப்படி வாங்கும் பொருள் நான்கு வருடமாவது உழைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பெட்டியின் மேல் உள்ள எண்களை முதலில் மறந்துவிடுங்கள். பெயர் தெரியாத டெப்களின் பெட்டியில் ‘16 ஜிபி ரெம், 512 ஜிபி மெமரி, 5ஜி, அண்ட்ரொயிட் 14’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். விலை 20,000 ரூபாய்க்கு முன்பின். ரெம் என்பது ஆப்கள் ஓடும்போது பாவிக்கும் தற்காலிக இடம், மெமரி என்பது படமும் ஆப்களும் சேமிக்கும் இடம். அந்த விலைக்கு அவ்வளவும் வரவே வராது. கழற்றிப் பார்த்தால் உள்ளே 2 ஜிபி ரெம், 16 அல்லது 32 ஜிபி மெமரி, டெப்பின் மூளையாக மீடியாடெக் எம்டி6580 போன்ற ஒரு பழைய சிப். அந்தச் சிப் 2015 காலத்தது, 32 பிட், 3ஜிக்கு மேல் பிடிக்காது. பெட்டியில் மட்டும் 5ஜி.

செட்டிங்ஸில் போய்ப் பார்த்தாலும் அதே பொய்தான் தெரியும். மென்பொருளைத் திருத்தி அந்த எண்ணை அங்கே எழுதிவிட்டிருக்கிறார்கள். 512 இருக்கிறது என்று நம்பிப் படமும் வீடியோவும் சேர்த்துக்கொண்டே போவீர்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு சேமித்தவை பெயரளவில் பட்டியலில் நிற்கும், தொட்டால் திறக்காது. பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் இப்படிப் போய், எப்படியாவது எடுத்துத் தாருங்கள் என்று வந்து நின்ற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அழிந்த படத்தை மீட்க ஏதாவது முயற்சி செய்யலாம். எழுதப்படவே இல்லாத படத்தை எங்கிருந்து எடுப்பது?

இந்த மோசடியைக் கடையிலேயே பிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, டெப்பில் எய்டா64 என்ற இலவச ஆப்பை இறக்குங்கள். அதில் சிப்பின் பெயர் வரும். அண்ட்ரொயிட் பகுதியில் ஏபிஐ என்று ஓர் எண்ணும் வரும். அண்ட்ரொயிட் 14க்கு அது 34, 13க்கு 33, 10க்கு 29, 8.1க்கு 27. பதிப்பின் பெயரை மாற்றி எழுதுபவர்கள் இந்த எண்ணில் பெரும்பாலும் கை வைப்பதில்லை, வைத்தால் ஆப்கள் ஒழுங்காக ஓடாது. பெட்டியில் 14 என்றும் இங்கே 27 என்றும் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெயர் பெற்ற கம்பனிகளும் ரெம் விஷயத்தில் எண்ணைக் கொஞ்சம் ஊதிக் காட்டுகின்றன. ‘4+4’ என்று எழுதியிருந்தால் உண்மையான ரெம் 4 மட்டும்தான். மற்ற 4 மெமரியிலிருந்து கடன் வாங்கியது. காம்பராவில் (அறையில்) இடம் போதாமல் இஸ்தோப்பில் (திண்ணையில்) பாய் விரித்துப் படுப்பது போன்றது அது. படுக்கலாம், காம்பராவில் படுத்த மாதிரி இருக்காது. என் கணக்கில் உண்மையான 4 ஜிபி ரெம், 64 ஜிபி மெமரி. இதற்குக் கீழே இப்போது இறங்க வேண்டாம். 32 ஜிபி டெப்பில் பாதி இடத்தை அண்ட்ரொயிடும் அதோடு வரும் ஆப்களும் பிடித்துவிடும், மீதியை வட்ஸ்அப் குழுக்களே நிரப்பிவிடும். மெமரி கார்ட் போடலாம்தானே என்பார்கள். படமும் பாடப்புத்தகமும் அதில் போகும், ஆப்களை அப்படி நகர்த்துவது பெரும்பாலான டெப்களில் நடக்காது.

அடுத்தது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அதற்குள் அபௌட் என்று போனால் ‘ப்ளே ப்ரொடெக்ட் சர்டிபிகேஷன்’ என்ற வரி இருக்கும். அதன் கீழே ‘டிவைஸ் இஸ் சர்டிஃபைட்’ என்று வர வேண்டும். வராவிட்டால் அந்த டெப் கூகுளின் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி வந்ததல்ல. 2025 மார்ச்சில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் ‘பேட்பாக்ஸ் 2.0’ பற்றி வெளியிட்ட அறிக்கையில், இப்படிச் சான்று பெறாத மலிவு டெப்கள், டிவி பெட்டிகள், புரொஜெக்டர்கள் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் குற்றவாளிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததைச் சொன்னது. அந்த ஜூனில் எஃப்பிஐயும் எச்சரிக்கை விட்டது. தீய மென்பொருள் பல கருவிகளில் வாங்கும்போதே உள்ளே இருந்தது. நீங்கள் ஒன்றையும் தவறாகத் தொட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட டெப்பில்தான் பிள்ளை படிக்கிறது, அம்மாவின் வங்கி ஆப்பும் அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்கும் ஃபெக்டரி ரீசெட் செய்தால் போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது, அது அண்ட்ரொயிடோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது.

நகரத்தில் எழுதப்படும் டெப் ஆலோசனைகளில் வைஃபை மட்டும் உள்ளது போதும், காசு மிச்சம் என்று இருக்கும். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு அது சரி. நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பெரும்பாலும் வீட்டின் இணையம் என்பது அப்பாவின் போன். அப்பா தேயிலை மலைக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போனால் இணையமும் கூடவே போய்விடும். டெப் வீட்டில் வெறும் பலகையாகக் கிடக்கும். சிம் போடக்கூடிய டெப்புக்குச் சில ஆயிரம் கூடக் கொடுக்க வேண்டி வந்தாலும், தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். வாங்குமுன் எந்த சிம் உங்கள் லயத்தில் நன்றாகப் பிடிக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பள்ளத்தில் உள்ள லயத்துக்கும் மேட்டு லயத்துக்கும் இது மாறும். கோயில் பக்கம் போனால்தான் சிக்னல் என்கிற இடத்தில் சிம் டெப் இருந்து பெரிய பயனில்லை. அங்கே மெமரி கூடிய வைஃபை டெப்பை எடுத்து, டவுனுக்கு வரும்போது பாடங்களை இறக்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

சிம் டெப் என்றால் *#06# அடித்து வரும், கருவியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். டயலர் இல்லாத டெப்பில் செட்டிங்ஸில் இருக்கும். உங்கள் போனின் எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஐ, எம், இ, ஐ என நான்கையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்கு அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறைப்படுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகி இருக்கிறதா என்று பதில் வரும். வைஃபை மட்டும் உள்ள டெப்புக்கு ஐஎம்இஐ கிடையாது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

வட்ஸ்அப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. அப்பாவின் எண்ணையே டெப்பிலும் இணைத்துக்கொள்ளலாம், புது எண் தேவையில்லை. ஆனால் போனில் வட்ஸ்அப்பை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் டெப்பில் இணைப்பு அறுந்துவிடும்.

திரை அளவில் பெரியதுதான் நல்லது என்று நினைக்கிறார்கள். 10.1 அங்குலத்தில் 1280×800 புள்ளி என்றால் ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி அளவில்தான் வரும். படம் பார்க்கப் போதும். வினாத்தாளைத் திறந்தால் தமிழ் எழுத்தின் மேல் உள்ள புள்ளி மங்கி, ‘க்’கும் ‘க’வும் ஒன்றுபோலத் தெரியும். பிள்ளை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண் வலி என்று வைத்துவிடும். சம்சுங் கெலக்ஸி டெப் ஏ9 சிறியதுதான், 8.7 அங்குலம், 1340×800. திரை சிறியதால் எழுத்து 180 புள்ளி அளவில் தெளிவாக நிற்கும், சிம் போடும் வகையும் இருக்கிறது. 11 அங்குலம் வேண்டுமென்றால் 1920×1200 உள்ளதாகப் பாருங்கள். ஏ9 பிளஸும் ரெட்மி பேட் எஸ்இயும் அந்த வகை. 11 அங்குல ரெட்மி பேட் எஸ்இயில் சிம் இடம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கடையில் வைத்து, ஒரு பாடப்புத்தகப் பக்கத்தை முழுத் திரையில் திறந்து, பெரிதாக்காமல் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். கேமராவைப் பற்றிப் பேச எதுவுமில்லை. இந்த விலையில் எதிலும் நல்ல கேமரா வராது, வீடியோ அழைப்புக்குப் போதும்.

இனி நான் தினமும் பார்க்கும் பக்கம். பிள்ளைகள் கையில் டெப் ஒருநாள் விழத்தான் செய்யும். விழுந்தால் திருத்த முடியுமா என்பதை வாங்குமுன்பே கேட்க வேண்டும். பெயர் தெரியாத டெப்பின் டச் கண்ணாடியை போர்டோடு இணைக்கும் ரிபனில் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகும் கண்ணாடிதான் வேலை செய்யும். ஒரே பெயரில், ஒரே கடையில் வாங்கிய இரண்டு டெப்களுக்கு வேறு வேறு குறியீடு இருந்ததைக் கண்டிருக்கிறேன். கொழும்பு முழுக்கத் தேடியும் கிடைக்காமல், 800 ரூபாய் பெறுமதியான ஒரு கண்ணாடிக்காக முழு டெப்பும் அலமாரிக்குப் போய்விடுகிறது. நன்றாக ஓடும் கம்பனிகளின் மொடல்களுக்கு உதிரிப்பாகம் வருடக்கணக்கில் வரும். இன்னொன்று, சில டெப்களில் டச் கண்ணாடியும் டிஸ்பிளேயும் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும். பார்க்க அழகு குறைவு, ஆனால் கண்ணாடி மட்டும் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். பிள்ளைகளுக்கு அந்த வகையே நல்லது என்பது என் எண்ணம்.

பெட்டரி பெரிதென்றால் சார்ஜும் நேரமெடுக்கும். 8,000 எம்ஏஎச் பெட்டரியை 10 வொட் சார்ஜரில் போட்டால் நாலு மணிநேரம் போல ஆகும். அவசரப்பட்டு ரோட்டோரத்து ‘65 வொட்’ சார்ஜர் வாங்கிப் போடாதீர்கள். டெப் தனக்கு முடிந்ததை மட்டும்தான் எடுக்கும், வேகம் கூடாது. தரமில்லாத சார்ஜர், சார்ஜைக் கட்டுப்படுத்தும் சின்னச் சிப்பான சார்ஜிங் ஐசியை எரித்துவிடும் என்பதுதான் மிச்சம். மலிவு டெப் சிலவற்றில் டைப்-சி துளை இருக்கும், இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. அதற்குத் தேவையான இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைக்கூட போர்டில் மிச்சம் பிடித்திருப்பார்கள். கடையில் அந்தக் கேபிளைக் குத்திப் பார்த்தால், தயாரித்தவர் எதிலெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார் என்று ஒரு கணிப்புக் கிடைக்கும்.

நம் காலநிலைக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடி இடிக்கும்போது சார்ஜில் போட்டிருந்த டெப்கள் மறுநாள் வரிசையாக வரும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போய் டிஸ்பிளேயில் வெள்ளைத் திட்டு விழும். அதற்காக அடுப்பு மேல் வைத்துக் காய வைக்காதீர்கள். அணைத்து, கவரைக் கழற்றி, காற்றில் வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, குளிருக்குக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு சார்ஜ் போட்டபடியே பிள்ளைகள் படம் பார்ப்பதை விடவே விடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் பெட்டரி ஊதும். திரை ஓரமாக எழும்பி நிற்பதைக் கண்டால் அமுக்கி மூடப் பார்க்காமல், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுத் திருத்துபவரிடம் கொண்டு போங்கள்.

காசு உண்மையிலேயே குறைவென்றால், பெயர் தெரியாத புது டெப்பைவிட, நல்ல கம்பனியின் பாவித்த டெப் மேல் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். விற்பவரின் முன்னிலையில் அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் சொல்லி, பிறகு ரீசெட் செய்து, உங்கள் கணக்கைப் போட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கணக்கு நீக்காமல் ரீசெட் செய்தால் பழைய கடவுச்சொல் கேட்டு லொக் ஆகிவிடலாம். வெளிநாட்டுப் பாடசாலைகளிலிருந்தும் கம்பனிகளிலிருந்தும் கழித்துவிட்ட டெப்களும் இங்கே வருகின்றன. ரீசெட்டுக்குப் பிறகு ‘இது இன்ன நிறுவனத்துக்குச் சொந்தமானது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் எடுக்க வேண்டாம். அதைத் திறந்து தருகிறேன் என்பவரை நம்பியும் எடுக்க வேண்டாம்.

பில் கேளுங்கள். மொடல் எண், சீரியல் எண், சிம் டெப் என்றால் ஐஎம்இஐ எண், வொரண்டி எத்தனை மாதம், அது கடையினுடையதா முகவருடையதா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். தவணைக்கு எடுப்பவர்கள் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், எல்லாத் தவணையையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்று தெரிய வந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிடலாம். எய்டா64 காட்டிய பக்கத்தையும் பெட்டியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். தமிழில் எழுதித் தர வேண்டுமென்றால், முறைப்பாட்டுக் கடிதத்தை என் கடையில் வைத்தே எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.