ஃபெல்லோ: முன்னாள் பிரதமர்கள் ஏற்கும் பல்கலைக்கழகப் பதவிக்குத் தமிழில் என்ன பெயர்?

நியூசிலாந்தின் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன் 2023 ஜனவரியில் பதவி விலகினார். அதே ஆண்டு ஏப்ரலில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் கென்னடி அரசாட்சிப் பள்ளியில் இரண்டு பொறுப்புகளையும், சட்டப் பள்ளியைச் சேர்ந்த பெர்க்மன் கிளைன் மையத்தில் ஒரு பொறுப்பையும் அவருக்கு அறிவித்தது. இத்தகைய செய்தியைத் தமிழில் எழுதுபவருக்கு முதலில் கைக்கு வரும் சொல் ‘பேராசிரியர்’ என்பதாகும். ஹார்வர்டு அவருக்கு வழங்கிய பெயரோ ‘ஃபெல்லோ’. இவ்விரண்டுக்கும் இடையே ஊதியம், காலவரை, கற்பிக்கும் கடமை, பல்கலைக்கழக ஆட்சியில் உள்ள குரல் ஆகிய அனைத்திலும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைத் தாங்கக்கூடிய தமிழ்ச் சொல் எது என்று தேடுமுன், ஃபெல்லோ என்ற சொல் கடந்து வந்த வழியைப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழர் காதுக்கு இச்சொல் புதிதன்று. ‘யூஸ்லெஸ் ஃபெலோ’ என்று பிள்ளைகளைத் திட்டும்போதும், ‘அந்த ஃபெலோ வந்தானா’ என்று மூன்றாம் மனிதரைக் குறிக்கும்போதும் இதே சொல்தான் வருகிறது. அறுவை மருத்துவரின் பெயர்ப்பலகையில் உள்ள எஃப்.ஆர்.சி.எஸ். என்பதன் முதல் எழுத்தும் இதுவே. வசவுக்கும் பட்டத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதற்கு விடை அதன் வேரில் இருக்கிறது.

ஸ்காண்டிநேவியாவில் முன்பு வழங்கிய பழைய நோர்ஸ் மொழியில் ‘ஃபே’ என்றால் கால்நடை. அதுவே பொருளையும் பணத்தையும் குறிக்கும். ‘லாக்’ என்பது இடுதல், வைத்தல் என்ற பொருளுடைய வினையின் வழிவந்தது. இரண்டும் சேர்ந்த ‘ஃபேலாகி’ என்பது, ஒரு கூட்டு முயற்சியில் தன் பங்குப் பொருளை இட்டவனைக் குறித்தது. வட கடல் கடந்து ஆங்கிலத்துக்குள் புகுந்தபோது அது கூட்டாளி என்றும், பின்னர் தோழன் என்றும், அதன்பின் வெறுமனே ஆள் என்றும் தேய்ந்தது. தமிழ் வாசகருக்கு இந்த வேர் வியப்பளிக்காது. கல்வி ஒன்றே கேடில்லாத செல்வம், மற்றவை ‘மாடல்ல’ என்று சொல்லும் குறளில் மாடு என்பதன் பொருள் செல்வம்தான். கால்நடையே செல்வமாக இருந்த காலத்தின் தடத்தை இரு மொழிகளும் தனித்தனியே காத்து வைத்திருக்கின்றன. ஃபேலாகி என்பவனை நம் பேச்சு வழக்கில் ‘பங்காளி’ என்று சொல்லிவிடலாம்.

பங்காளி என்ற இந்தப் பொருள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பிறகும் நெடுங்காலம் அழியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இடைக்காலத்தில் எழுந்த கல்லூரிகள் நிலமும் வாடகையும் உடைய அறக்கட்டளைகளாக இருந்தன. அவற்றின் அங்கத்தினரை இலத்தீனில் ‘சோக்கியுஸ்’, அதாவது கூட்டாளி, என்று அழைத்தார்கள். அதற்கு ஆங்கிலத்தில் அமைந்த பெயரே ஃபெல்லோ. கல்லூரியின் வருமானத்தில் செலவு போக எஞ்சியதை ஃபெல்லோக்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். கல்லூரியின் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. மணம் புரிந்துகொண்டால் இடத்தைத் துறக்க வேண்டும் என்ற விதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிச் சீர்திருத்தங்கள் வரை பொதுவாக நீடித்தது. கற்பிப்பது அவர்களுள் சிலரின் வேலையாக இருந்தது. அனைவரின் கடமையாக இருக்கவில்லை. ஃபெல்லோ என்ற சொல் கற்பித்தலைக் குறிக்கப் பிறந்ததல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரிக்கு வெளியே இச்சொல்லுக்கு இன்னொரு கிளை உண்டு. 1660இல் இலண்டனில் தோன்றிய ராயல் சொசைட்டி தன் அங்கத்தினரை ஃபெல்லோ என்று அழைத்தது. அங்கே பணம் எதிர்த்திசையில் சென்றது: தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு ஷில்லிங் என்று அங்கத்தினரே சந்தா கட்டினர். இராமானுஜனின் வாழ்க்கையில் இவ்விரு கிளைகளும் ஒரே ஆண்டில் சந்தித்தன. 1918இல் அவர் முதலில் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகவும், சில மாதங்கள் கழித்துக் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். முன்னது அறிவியலாளர் மன்றத்தின் அங்கீகாரம். பின்னது கல்லூரியில் இடமும் வருவாயும் தந்த நிலை. தமிழில் இரண்டையும் ‘உறுப்பினர்’ என்று எழுதினால் குற்றமில்லை. ஏனெனில் இரண்டிலும் ஒரு குழுவுக்குள் சேர்த்துக்கொள்ளப்படுதல் என்ற கருத்தே முதன்மையானது.

ஹார்வர்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அப்பல்கலைக்கழகத்தை ஆளும் அவையின் சட்டப் பெயரே, 1650ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, ‘ஹார்வர்டு கல்லூரியின் தலைவரும் ஃபெல்லோக்களும்’ என்பதாகும். ஆகவே ஹார்வர்டு ஃபெல்லோ என்று பொதுப்பட எழுதினால், நிறுவனத்தையே ஆளும் சிலருள் ஒருவர் என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. ஆர்டெர்ன் ஏற்றது அதுவல்ல.

அவர் ஏற்றது சொல்லின் அண்மைக்காலப் பொருள். ஒரு மையமோ பள்ளியோ, குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு நல்கையும் (உதவித்தொகையும்) அறையும் நூலகமும் கொடுத்து, எழுதவும் உரையாடவும் மாணவரைச் சந்திக்கவும் ஒருவரை அழைத்து வைத்துக்கொள்வதே இன்று பெரும்பாலும் ஃபெல்லோஷிப் எனப்படுகிறது. அரசுப் பொறுப்பிலிருந்து விலகும் தலைவர்களுக்கென்றே கென்னடி பள்ளியில் ஆஞ்செலோபூலோஸ் பெயரில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மெக்சிகோவின் முன்னாள் அதிபர் ஃபெலிப்பே கால்டெரோன் 2013இல் அதன் முதல் ஃபெல்லோவாக வந்தார். ஆர்டெர்ன் ஏற்ற இரண்டு கென்னடி பள்ளிப் பொறுப்புகளில் ஒன்றும் அதுவே. ஆஸ்திரேலியாவின் கெவின் ரட் 2014இல் அதே பள்ளியின் பெல்ஃபர் மையத்துக்கு முதுநிலை ஃபெல்லோவாகச் சென்றார். பிரிட்டனின் ரிஷி சுனக் 2025இல் ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நிறுவனத்தில் வருகை ஃபெல்லோ ஆனார். 1966இல் நிறுவப்பட்ட ஹார்வர்டு அரசியல் கழகத்தில் தங்கும் ஃபெல்லோக்கள் ஒரு பருவம் முழுவதும் வாராவாரம் மாணவர் குழுவொன்றை நடத்துகின்றனர். ஆனால் அந்தக் குழுவில் கலந்துகொள்வதற்கு மதிப்பெண்ணும் இல்லை, பட்டத்துக்கான கணக்கும் இல்லை. மாணவர்கள் விரும்பி வருவதற்கு அதுவே காரணம் என்று எண்ணுவோரும் உண்டு.

ஃபெல்லோ என்ற பெயரோடு முறையான பாடம் நடத்தியவர்களும் இருக்கிறார்கள். பிரதமர் பதவியை 2007இல் விட்ட டோனி பிளேர், அடுத்த ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் ‘ஹௌலண்ட் சிறப்பு ஃபெல்லோ’ என்ற பெயரில், சமய நம்பிக்கையும் உலகமயமாக்கமும் பற்றிய ஒரு பாடத்தை இறையியல் பேராசிரியர் ஒருவருடன் இணைந்து நடத்தினார். எனவே ஃபெல்லோ என்பதை ‘ஆய்வாளர்’ என்று பெயர்ப்பதும் இவ்விடத்தில் பொருந்தாது. பிளேர் அங்கே ஆய்வு செய்யச் சென்றவர் அல்லர். ஆய்வேடு எதையும் எழுதித் தர வேண்டிய கடமையும் அவருக்கு இருந்ததில்லை.

உண்மையிலேயே பேராசிரியரானவர்கள் யார் என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். அமெரிக்க அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் 1913இல் பதவி முடிந்து யேலில் சட்டப் பேராசிரியர் ஆனார். 1921இல் தலைமை நீதிபதியாகும் வரை அங்கே கற்பித்தார். அவருக்கு அளிக்கப்பட்டது ‘கென்ட் இருக்கை’. பேருடல் படைத்த டாஃப்ட், தமக்கு இருக்கை போதாது, சட்ட சோபா ஒன்று தந்தால் சரியாக இருக்கும் என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டிய நாள்களில் இருக்கை என்ற சொல் நம்மிடையே நன்கு நிலைபெற்றுவிட்டதால், இந்த நகைச்சுவையைத் தமிழில் விளக்க வேண்டியதில்லை. ஜிம்மி கார்ட்டர் 1982இல் எமரி பல்கலைக்கழகத்தில் சிறப்புநிலைப் பேராசிரியராகச் சேர்ந்தார். அவருக்குப் பணி நிரந்தரம் கிடைத்தது 2019இல், தம் 94ஆம் வயதில். மெக்சிகோவின் இன்னொரு முன்னாள் அதிபர் எர்னெஸ்டோ செடில்யோ, தாம் முனைவர் பட்டம் பெற்ற யேலுக்கே திரும்பி, 2002 முதல் அதன் உலகமயமாக்க ஆய்வு மையத்தை நடத்தினார். இவர்களைப் பேராசிரியர் என்பதில் தடையில்லை. ‘புரொபசர்’ என்பதன் இலத்தீன் வேர், ஒன்றைப் பலரறிய வெளிப்படையாக அறிவித்தல் என்பதாகும். நம் ‘பேராசிரியர்’ என்பதோ பதவியின் பெயராகும் முன்பே தொல்காப்பிய உரையாசிரியர் ஒருவரின் பெயராக நின்றது. இரண்டிலும் புலமையின் அழுத்தம் உண்டு. ஃபெல்லோவில் அது இல்லை. அதில் இருப்பது கூட்டும் பங்கும்.

இடையில் நிற்பது ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’, அதாவது பணி அனுபவத்தை முதலாகக் கொண்டு வரும் பேராசிரியர், என்னும் வகை. ஹிலாரி கிளின்டன் 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இப்பெயரோடு சேர்ந்து, வெளியுறவு முடிவுகள் எடுக்கப்படும் முறை பற்றிய பாடத்தை அதன் பன்னாட்டு, பொது விவகாரப் பள்ளியின் முதல்வருடன் சேர்ந்து நடத்தினார். துணை அதிபர் பொறுப்பு முடிந்த ஜோ பைடன் 2017 முதல் 2019 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இதையொத்த பெயரைத் தாங்கியிருந்தார். முறையான வகுப்பு எதையும் அவர் நடத்தவில்லை என்பதால் அப்பெயர் பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. ஆங்கிலத்திலேயே இப்பெயர்கள் இறுக்கமாக இல்லை. பராக் ஒபாமா அதிபராகும் முன் சிகாகோ சட்டப் பள்ளியில் முதுநிலை விரிவுரையாளராக இருந்தவர். அவரைப் புரொபசர் என்று சொல்லலாமா என்ற கேள்வி 2008 தேர்தல் களத்தில் எழுந்தபோது, முதுநிலை விரிவுரையாளர்களும் பேராசிரியர்களாகவே கருதப்படுகின்றனர் என்று அப்பள்ளி விளக்கம் தர வேண்டியிருந்தது.

இந்தியாவில் பல்கலைக்கழக நல்கைக் குழு (யு.ஜி.சி.) 2022இல் இவ்வகைப் பேராசிரியர்களுக்கு வழி வகுத்தது. துறையில் குறைந்தது 15 ஆண்டுப் பணிச் சிறப்பு வேண்டும். முனைவர் பட்டம் கட்டாயமில்லை. மொத்தக் காலம் நான்கு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ‘பயிற்சிப் பேராசிரியர்’ என்று இதைப் பெயர்ப்பது விபரீதமானது. பயிற்சி பெற்றுவரும் பேராசிரியர் என்றே அது ஒலிக்கிறது. ‘நடைமுறைப் பேராசிரியர்’ பரவாயில்லை. நான் ‘பட்டறிவுப் பேராசிரியர்’ என்பதையே தேர்ந்தெடுப்பேன். நன்னூல் ஆசிரியருக்கு வேண்டிய பண்புகளை அடுக்கும்போது கலை பயின்ற தெளிவோடு உலகியல் அறிவையும் சேர்த்தே சொல்கிறது. அந்த இரண்டாவது பண்பை மட்டும் முதலாகக் கொண்டு வருபவர்தாம் இவர்.

ஃபெல்லோவுக்கு மீள்வோம். தோழர், கூட்டாளி என்ற நேர்ச்சொற்கள் வேறு பொருள்களில் ஊன்றிவிட்டன. குறிப்பாகத் தோழர் என்ற சொல்லை ஒரு முன்னாள் பிரதமருக்கு இட்டால், அவர் கட்சி மாறிவிட்டாரோ என்று வாசகர் ஐயுறுவார். ‘அறிஞர்’ என்பது புகழ்ச்சி. பதவியின் பெயராக அது நிற்காது. கல்லூரி, அறிவியல் மன்றம் ஆகியவற்றின் நிலையான அங்கத்துக்கு ‘உறுப்பினர்’ என்பதை வைத்துக்கொண்டு, நல்கை பெற்றுக் குறிப்பிட்ட காலம் தங்குபவருக்கு ‘நல்கையர்’ என்பதைப் பயன்படுத்தலாம். நல்கை என்ற சொல்லை நல்கைக் குழு ஏற்கெனவே பழக்கிவிட்டது. நல்கையர் என்றால் கொடுப்பவர் என்று பொருள்படாதா என்று கேட்கலாம். வில்லை உடையவர் வில்லர் ஆவது போல நல்கையை உடையவர் நல்கையர்; கொடுப்பவருக்கு ‘நல்குநர்’ இருக்கிறது. ஃபே என்ற பழைய வேரில் இருந்த பொருளும் பணமும் இச்சொல்லில் தற்செயலாகத் திரும்பி வந்து அமர்வது கூடுதல் பொருத்தம்.

அடைமொழிகள் பிறகு எளிதில் அமையும். விசிட்டிங் ஃபெல்லோ ‘வருகை நல்கையர்’. சீனியர் ஃபெல்லோ ‘முதுநிலை நல்கையர்’. விசிட்டிங் புரொபசருக்கு ‘வருகைப் பேராசிரியர்’ என்பதும், இலங்கை வழக்கான ‘வருகைதரு’ என்ற அடையும் முன்பே இருக்கின்றன. 2007க்குப் பின் இந்திய மேலாண்மைக் கழகங்கள் சிலவற்றில் அப்துல் கலாம் வகித்தது இந்த நிலையே. ஆனரரி ஃபெல்லோவுக்கு மட்டும் நல்கையர் பொருந்தாது. மார்கரெட் தாட்சர் தாம் பயின்ற ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியில் ஆனரரி ஃபெல்லோவாக இருந்தார். அது பழைய மாணவிக்குக் கல்லூரி செய்த சிறப்பு. அதில் காலவரையும் இல்லை, பாடமும் இல்லை, நல்கையும் இல்லை. அதற்கு ‘மதிப்புறு உறுப்பினர்’ என்பதே சரியான பெயர். செய்தி எழுதுபவருக்கு இவற்றுள் எதைத் தேர்வது என்று தெளிவாகாத அவசரத்தில், ‘ஃபெல்லோ’ என்று தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவிடலாம்; இல்லாத பேராசிரியர் பதவியை ஏற்றிச் சொல்வதைவிட அது பிழை குறைந்தது.