மெட்டுக்கம்பி: ஃபிரெட்வயருக்குத் தமிழில் என்ன பெயர்?

கிட்டார் கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதிந்திருக்கும் உலோகப் பட்டைகள் ஃபிரெட். எந்தக் கம்பியிலிருந்து அவற்றை வெட்டியெடுக்கிறோமோ அது ஃபிரெட்வயர். கவலைப்படுவதைக் குறிக்கும் ஃபிரெட் வேறு சொல். அது பழைய ஆங்கிலத்தில் 'தின்பது, அரிப்பது' என்ற பொருளில் வழங்கியது. இசைக்கருவியின் ஃபிரெட் 1500 வாக்கில் ஆங்கிலத்தில் தென்படுகிறது. அதன் வேர் முடிவாகவில்லை. வளையம், பூண் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. அன்றைய லூட் என்னும் ஐரோப்பியத் தந்திக்கருவியின் கழுத்தில் குடல்நரம்பைச் சுற்றிக் கட்டித்தான் ஃபிரெட் வைத்தார்கள், ஆகவே பூண் என்பது பொருந்தத்தான் செய்கிறது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதே இல்லை. வீணையில் மெழுகின் மேல் பதித்த 24 பட்டைகளை மெட்டு என்றுதான் சொல்கிறோம். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்னும் ஊர்ப்பெயர்களில் உள்ள மெட்டுக்கும் மேடு என்றே பொருள். 'கட்டை' என்று எழுதுவது தவறாகப் போகும், அது சுருதியைக் குறிக்கும் சொல். ஃபிரெட்வயர், மெட்டுக்கம்பி. மீட்டுகிற கம்பியோடு குழம்பாமல் இருக்க, அதைத் தந்தி என்றே எழுதலாம்.

மெட்டுக்கம்பியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் காளான் வடிவம். விரல்பலகைக்கு மேலே தெரிவது தலை, பள்ளத்துக்குள் இறங்குவது கால், காலின் பக்கங்களில் மரத்தைக் கவ்வும் சிறு புடைப்புகள் முள். 'ஜம்போ', 'மீடியம் ஜம்போ' என்ற அளவுப் பெயர்களை நம்பி வாங்கக் கூடாது. ஒருவர் ஜம்போ இன்னொருவருக்கு மீடியம். எண்ணைப் பாருங்கள். ஜெஸ்கார் நிறுவனத்தின் 47104 என்ற கம்பிக்குத் தலையின் உயரம் 0.047 அங்குலம் (1.19 மி.மீ.), அகலம் 0.104 அங்குலம் (2.64 மி.மீ.). 43080 பழைய ஃபெண்டர் கிட்டார்களின் பாணியில் ஒல்லியானது. 57110 உயரமும் அகலமும் கூடியது.

கழுத்தில் இருக்கும் மெட்டின் அகலத்தைக் காலிப்பர் கொண்டு அளந்துவிடலாம். உயரத்துக்கு, அடுத்தடுத்த இரு மெட்டுகளின் மேல் சிறிய எஃகு அளவுகோலை வைத்து, அதற்கும் பலகைக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகடுகளை நுழைத்துத் தடிமனைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் சில மெட்டுகள் தந்திக்கடியில் குழிந்திருக்கும், அங்கே அளந்தால் குறைத்துக் காட்டும். புதிய கம்பியில் மொத்த உயரத்தை அளந்துவிட்டுக் காலின் ஆழத்தைக் கழிக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

தலையைவிடக் காலைத்தான் கவனமாக அளக்க வேண்டும். கால் தடிமன் சுமார் 0.5 மி.மீ., பள்ளம் பெரும்பாலும் 0.58 மி.மீ. முள்தான் பிடியைத் தருகிறது. பள்ளம் குறுகலாக இருந்தால் இருபதுக்கு மேற்பட்ட ஆப்புகளை அடித்தது போலாகி, கழுத்து பின்னோக்கி வளையும். பழைய மெட்டைப் பிடுங்கி அகன்றுபோன பள்ளத்தில் ஒல்லிக் காலை இறக்கினால் ஓரம் எழும்பி, தந்தி இரையும். பலகையின் வளைவு 9.5 அங்குல ஆரம் என்றால் கம்பியை 8 அங்குலம் அளவுக்குக் கூடுதலாக வளைத்துவிட்டு அடியுங்கள். ஓரங்கள் தாமாக அமர்ந்து நிற்கும். 22 மெட்டுகளுக்கு, ஓரம் விட்டு வெட்ட, 1.3 மீட்டர் போகும். 1.6 மீட்டர் வாங்குங்கள்.

உலோகத்தில் 'நிக்கல் சில்வர்' என்பது நம் வீட்டு ஜெர்மன் சில்வர்தான். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. வெள்ளி துளியும் இல்லை. துருப்பிடிக்காத எஃகு நெடுங்காலம் உழைக்கும், ஆனால் அரத்தையும் வெட்டுக்குறட்டையும் தின்றுவிடும். தந்தியை இழுத்து கமகம் கொடுப்பவர்களுக்கு உயரமான மெட்டு உதவும், விரல் பலகையில் உராயாது. வீணை மெட்டு உயர்ந்து நிற்பதிலும் இதே வசதி இருக்கிறது. அழுத்திப் பிடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் மட்டும் உயரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். தந்தி பலகை நோக்கி இறங்க இறங்க இழுவிசை கூடி, சுருதி மேலே போய்விடும்.