முதுகுக்கு மூன்று ஸ்கேன், சிறுநீருக்கு ஒரு டெஸ்ட் கூட இல்லை

போன வாரம் ஒருவர் வந்தார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். கையில் கனமான ஃபைல். புரட்டினால், முதுகுவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மட்டும் மூன்று. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்த ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 6.8; சிறுநீரகம் ஏறக்குறைய செயலிழந்த நிலை. இந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

ஒரு நாட்டின் மருத்துவச் செலவை அதிகம் விழுங்குவது எந்த நோய் என்று கேட்டால், படித்தவர்கள்கூட யோசிக்காமல் புற்றுநோய் என்கிறார்கள். உயிரைப் பறிக்கிற நோய்தான் பணத்தையும் பறிக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அமெரிக்காவில் 2016-ம் ஆண்டுச் செலவை 154 வகை நோய்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதலிடம் கழுத்து, முதுகுவலிக்கு. சுமார் 13,450 கோடி டாலர்! சர்க்கரை நோய்க்கு 11,120 கோடி. புற்றுநோய் சிகிச்சை மலிவு என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு ஆகும் செலவு வேறு, நாட்டுக்கு ஆகும் செலவு வேறு. எத்தனை பேருக்கு வருகிறது, எத்தனை வருடம் கூடவே இருக்கிறது என்பதை வைத்துத்தான் மொத்தக் கணக்கு ஏறும். முதுகுவலி ஆளைக் கொல்லாது, ஆனால் யாரையும் விடாது.

எங்கள் சிறுநீரகத் துறைக் கதை இதற்கு நேர்மாறு. சிறுநீரகம் செயலிழந்தால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வயது பாராமல் உண்டு என்று 1972-ல் அங்கே சட்டம் வந்தது. அந்த நோயாளிகள் மெடிகேரில் நூற்றுக்கு ஒருவர்தான். செலவிலோ சுமார் 7 சதவீதம். டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில். அவ்வளவுதான் விஷயம். அதில் பெரும்பாலோரைக் கொண்டுவந்து சேர்ப்பது சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்.

சரி, என்ன செய்யலாம்? சர்க்கரை இருந்தால் வருடம் ஒருமுறை சிறுநீர் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின். வலி இல்லையே என்று சாக்குச் சொல்லாதீர்கள், சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும், நடமாடுங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ உடனே வாருங்கள். அப்போது ஸ்கேன் எடுப்போம். அப்புறம், தயவுசெய்து, கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கித் தினமும் போடாதீர்கள்.

இவ்வளவையும் அவரிடமும் சொன்னேன். டயாலிசிஸுக்குத் தேதி குறித்துக்கொண்டு எழுந்தவர், கதவருகே நின்று கேட்டார்: "முதுகுக்கு ஏதாவது எழுதித் தரீங்களா டாக்டர்?"