அம்மிச்சியின் முருங்கைக்கீரையும் ஒரு பை ரத்தமும்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து உறவுக்காரப் பையன் கவுந்தப்பாடிக்குத் திரும்பிய வாரமே, அவன் அம்மிச்சி மூலனூர் முருங்கைக்கீரையும் ஒரு இரும்பு டானிக்கும் வரவழைத்துவிட்டார். "ரத்தம் ஊறோணுமல்லோ கண்ணு!" ரத்தசோகை என்றால் இரும்பு, நம் வீடுகளில் அதுதானே கணக்கு. இவனுக்கோ கணக்கு தலைகீழ்.

அவனுக்கு தலசீமியா, அதாவது உடம்பால் ஹீமோகுளோபினைச் சரியாகச் செய்ய முடியாத பிறவி ரத்தசோகை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே வளர்ந்தவன். ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு இருக்கும். உடம்பு தினமும் இழப்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் கல்லீரலிலும் இதயத்திலும் போய்த் தங்கிவிடும்.

இப்படித் தேங்கும் இரும்பு நோய் எதிர்ப்பையும் பாதிக்கும். எப்படி? கிருமிகள் பெருகவும் இரும்பு வேண்டும். அதனால்தான் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ரத்தத்தில் இரும்பைத் தனியே திரிய விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தொற்று வந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். உடனே, கீழ்பவானி வாய்க்காலில் மடை அடைத்த மாதிரி, குடலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் இரும்பு வெளியே வராது. பை பையாக ரத்தம் ஏறியவனுக்கு டிரான்ஸ்ஃபெரினில் இடமே இருக்காது. இரும்பு வழிந்து நிற்கும். மாற்று சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று வாரம் வெள்ளையணுக்களே பேருக்குத்தான் இருக்கும். அவற்றில் ஒரு வகையான, கிருமியை இனம் கண்டு தாக்கும் டி அணுக்கள் தேற மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு. கிருமிக்கு இதைவிட நல்ல நேரம் ஏது?

இரும்பை இறக்கும் மருந்திலும் ஒரு வம்பு. டெஃபராக்சமின் பிடித்துவரும் இரும்பை, கறுப்புப் பூஞ்சைத் தொற்றை உண்டாக்கும் பூஞ்சைகள் பிடுங்கித் தின்னும்.

ஏற்றும் ரத்தத்தையும் அப்படியே ஏற்றுவதில்லை. கொடுத்தவரின் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் பையோடு வரும். எதிர்க்க ஆளில்லாத உடம்பில் அவை பெருகி, தோல், குடல், மஜ்ஜை என்று தாக்கும். அப்படித் தாக்கினால் பிழைப்பது அரிது. அதனால் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்து, அவை பெருகாதபடி செய்த பிறகே ஏற்றுவார்கள்.

கீரையில் இருந்து உடம்பில் சேரும் இரும்பு சொற்பம்தான், கிருமி போக நன்றாக வேகவைத்தால் போதும் என்றார் மருத்துவர். டானிக்கைத்தான் வேண்டாம் என்றுவிட்டார்.

புது மஜ்ஜை ஊன்றி, ஹீமோகுளோபின் தானாகவே நின்ற பிறகு, தேங்கிய இரும்பைக் கரைக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவன் கையிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். இழந்ததை ஈடுகட்ட மஜ்ஜை சேமிப்பில் இருக்கும் இரும்பை எடுத்துப் புதுச் சிவப்பணு செய்யும். இரும்பு படிப்படியாகக் குறையும்.

அம்மிச்சிக்குத்தான் இது பிடிபடவே இல்லை. "ஏனுங், இத்தன வருசம் ஏத்துனதை இப்ப எறக்கறீங்ளா?"