ரகசியம் எங்கே கசிகிறது? அமெரிக்கக் கிராமப்புற லத்தீனோ இளையோரும் கருத்தடையும்

கலிபோர்னியாவின் சாலினஸ், வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா, டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு போன்ற பண்ணை வட்டாரங்களில் இளவயதுக் கர்ப்பம் பற்றிப் பேச்சு வந்தால், "கத்தோலிக்கக் குடும்பங்கள், கருத்தடையை ஏற்கமாட்டார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 15 முதல் 19 வயது லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பெண்கள் 1,000 பேருக்கு 1991இல் 104.6 ஆக இருந்த பிரசவம் 2019இல் 25.3 ஆகிவிட்டது. கருத்தடையை ஒதுக்கும் சமூகத்தில் இது நடக்காது. ஆனாலும் அதே ஆண்டில் நாட்டின் சராசரி 16.7தான். மிஞ்சியிருக்கும் இடைவெளியில் வறுமைக்குப் பங்குண்டு. வீட்டுக்குத் தெரியாமல் கிளினிக் போய்வர முடியாததற்கும் பெரும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

சிறிய ஊரில் கிளினிக் வரவேற்பாளர் அம்மாவின் தோழியாக இருப்பார். கிளினிக் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வந்த காரணத்தை வாய்விட்டுக் கேட்காமல் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். எந்த எண்ணில் அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாமா என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். மெக்சிகோவின் வஹாகாவிலிருந்து வந்த குடும்பங்களில் பலர் வீட்டில் பேசுவது மிஸ்தெக்கோ அல்லது திரிகி என்ற பழங்குடி மொழி. ஸ்பானிஷ் அவர்களுக்கு அரைகுறைதான். மொழிபெயர்க்க உறவுக்காரரை அழைத்தால் கேள்வியே வாயிலிருந்து வராது. தொலைபேசி மொழிபெயர்ப்பாளரிடமும் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டியதில்லை.

கிளினிக் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பெற்றோரின் காப்பீட்டில் பில் போட்டால் என்னென்ன சிகிச்சை என்ற கடிதம் வீட்டுக்கே போய்விடக்கூடும். கலிபோர்னியாவில் இதற்கு மாற்று வழி, மாநில அரசின் இலவசக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமான ஃபேமிலி பேக்ட். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை, அவர்கள் கையெழுத்தும் வேண்டாம். கிளினிக்கிலேயே அன்றே பதிவு செய்துகொள்ளலாம். குடியேற்ற ஆவணம் தகுதிக்கு நிபந்தனை அல்ல. ஆனால் 2025இல் மெடிக்கெய்டு (குறைந்த வருமானத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பயனாளர் விவரங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுக்கப்பட்டன. அதனால் "பயப்பட ஒன்றுமில்லை" என்று உறுதி சொல்லாதீர்கள். எந்தத் தகவல் எங்கே பதிவாகிறது என்பதை உள்ளபடி விளக்குங்கள்.

டெக்சஸ் நிலைமை கடினமானது. அங்கே 18 வயதுக்குக் கீழ் இருந்தால், மருத்துவர் எழுதும் கருத்தடைக்குப் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் வேண்டும். 2024 மார்ச்சில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு, கூட்டாட்சி அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு நிதியான டைட்டில் டென்னில் நடக்கும் கிளினிக்குகளும் இதற்கு உட்பட்டவை. 16 வயதுத் தாய் தன் குழந்தையின் சிகிச்சைக்குக் கையெழுத்திடலாம். தனக்கு ஒரு கருத்தடை ஊசி கேட்டால் அவளுடைய அம்மா கையெழுத்திட வேண்டும். இது அநியாயம்.

அவளுக்கு எஞ்சியிருப்பது மருந்துக்கடை அலமாரி. ஆணுறையும், தினசரிக் கருத்தடை மாத்திரையான ஓபிலும், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசர மாத்திரையும் மருத்துவர் சீட்டில்லாமல், வயது கேட்காமல் கிடைக்கும். ஓபிலைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். 3 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் அடுத்த 48 மணி நேரம் ஆணுறையும் வேண்டும். வயல் வேலைக்கு விடியுமுன் கிளம்புகிறவர்களுக்குப் படுக்கும் நேரம் பெரும்பாலும் ஒத்துவரும். அவசர மாத்திரையைப் பாதுகாப்பற்ற உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். உடல் எடை 75 கிலோவைத் தாண்டினால் பலன் குறையலாம். அப்போது மருத்துவர் சீட்டுடன் வாங்கும் உலிபிரிஸ்டல் 30 மி.கி. அவசர மாத்திரை நல்லது, அது 5 நாள் வரை வேலை செய்யும். உலிபிரிஸ்டல் போட்டவர் உடனே ஓபில் தொடங்கினால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். 5 நாள் இடைவெளி விட வேண்டும், அடுத்த மாதவிடாய் வரும் வரை ஆணுறை.

இனி அச்சங்கள். ஊசி போட்டால் மாதவிடாய் நின்று கெட்ட ரத்தம் உள்ளே தேங்கும், பிறகு குழந்தையே பிறக்காது என்பது பரவலான நம்பிக்கை. சிரித்து ஒதுக்காதீர்கள், அதில் பாதி கவனித்த உண்மை. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் ஓராண்டில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மாதவிடாய் நின்றுவிடுகிறது. கருப்பையின் உள்படலம் மெலிவதால் வெளியேற ரத்தமே சேர்வதில்லை, எதுவும் தேங்கவில்லை. கருத்தரிக்கும் திறன் திரும்பிவரும், ஆனால் மெதுவாக: கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாக 10 மாதம் ஆகலாம். இதை முன்கூட்டியே சொல்லாதபோதுதான் தாமதம் மலட்டுத்தன்மையாகத் தெரிகிறது, வதந்தியும் பிறக்கிறது.

பாட்டிமார்களின் சந்தேகத்துக்கு வரலாறும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் அரசு மருத்துவமனையில் பிரசவ வலியில் இருந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம் அவர்களுக்குப் புரியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை அறுவை செய்தார்கள். 10 பெண்கள் தொடுத்த மாட்ரிகல் வழக்கு 1978இல் தோற்றது. ஆகவே கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சி எவ்வளவு பலன் தந்தாலும், அதையே முதலில் திணிக்கக் கூடாது. எல்லா முறைகளையும் சொல்லி, எது அவள் வாழ்க்கைக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். குச்சியை எங்கே, எவ்வளவு செலவில் எடுக்கலாம் என்பதைப் பொருத்துவதற்கு முன்பே சொல்லுங்கள். எடுக்கச் சொல்லி வந்தால், "இன்னும் கொஞ்ச நாள் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பாமல் அன்றே எடுத்துவிடுங்கள்.