ஆட்டுவெக்கை: பிளேக்கும் இல்லை, வெறும் கொல்லியும் இல்லை

ஆடுகள் கூட்டமாகச் செத்தால் போதும், ‘ஆட்டு பிளேக் பரவுகிறது’ என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். ஆடு வளர்ப்பவர் ‘பிபிஆர் ஊசி போட்டாச்சா’ என்று கேட்கும் அதே நோய்தான் இது. பி.பி.ஆர். என்பது ‘பெஸ்த் தே பெத்தி ரூமினான்’ என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். 1942இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்டதால் பெயர் பிரெஞ்சில் அமைந்தது. பெஸ்த் கொள்ளைநோய், பெத்தி சின்ன, ரூமினான் அசைபோடும் பிராணி. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

பெஸ்த் என்பதைப் பார்த்ததும் பிளேக்குக்கு ஓடியதில்தான் கோளாறு. பிரெஞ்சில் அது பொதுச்சொல். மாட்டுக்கு வந்தாலும் பன்றிக்கு வந்தாலும் கோழிக்கு வந்தாலும் பெஸ்த்தான். தமிழில் பிளேக் என்பது ஒரே ஒரு நோய்: எலித் தெள்ளுப்பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய், 1994இல் சூரத்தைக் காலி செய்ய வைத்தது. ஆட்டுக்கு வருவதோ வைரஸ். மனிதருக்குத் தொற்றாது. ‘பிளேக்’ என்று எழுதினால் கறிக்கடைக்காரர் பயப்படுவார், ஆட்டுக்காரர் ஆன்டிபயாட்டிக் வாங்க ஓடுவார். வைரஸை அந்த மருந்து தொடாது. பின்னால் சேரும் நுரையீரல் தொற்றைத்தான் அடக்கும்.

இதிலும் மோசம் ‘வெள்ளாட்டு பிளேக்’. ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் வெள்ளாட்டை மட்டும் சொல்வார்கள், அதை அப்படியே பெயர்த்தாயிற்று. செம்மறிக் கிடை வைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டு ‘நமக்கு இல்லை’ என்று பக்கத்தைப் புரட்டுவார். அச்சம் தொலையட்டும் என்று சிலர் ‘சிறு அசைபோடும் கால்நடைகளின் கொள்ளைநோய்’ என்று நீட்டுகிறார்கள். வெள்ளாடு, செம்மறி இரண்டையும் அடக்க ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும்தான் இப்படிச் சுற்றிவளைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ‘ஆடு’ என்ற ஒரு சொல் போதும். கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததற்கு அலைவதே மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது.

கால்நடைத் துறையினர் பெரும்பாலும் எழுதுவது ‘ஆட்டுக்கொல்லி’. இலக்கணப் பிழை இல்லை, புழக்கமும் உண்டு. ஆனால் அது முடிவை மட்டும் சொல்கிற பெயர். குடலில் நச்சு சேரும் துள்ளுமாரி நோயும் ஆட்டைக் கொல்லும், அதுவும் சில மணி நேரத்தில். மந்தையில் இரண்டு ஆடு மட்டும் காய்ச்சலில் தலைதொங்கி நிற்கும்போது, எதுவும் சாகாத அந்த நாளில், ‘கொல்லி’ என்ற எண்ணம் யாருக்கு வரும்? செம்மறிகளில் பல பிழைத்துக்கொள்ளும். ‘சாகலையே, அது இல்லை’ என்று ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார்கள். ‘வெக்கை சார்பு நோய்’ என்று எழுதுவோரும் உண்டு. சார்பு என்றால் ஒன்றை அண்டி நிற்பது. இந்த நோய் எதையும் அண்டி வருவதில்லை.

சரியான சொல் ஆட்டுவெக்கை. மாட்டுக்கு வந்த பெஸ்த்தை நம் ஊர்களில் யாரும் மாட்டு பிளேக் என்று சொல்லவில்லை, வெக்கை என்றுதான் சொன்னார்கள். வெயில், வெம்மை, வெந்நீரோடு சேர்ந்த சொல். உடம்பு கொதிப்பதைச் சொல்கிறது. இரண்டு வைரஸும் ஒரே பேரினம், தட்டம்மை வைரஸுக்கும் உறவு. குழம்பிப்போகும் என்று மறுப்பார்கள். மாட்டுவெக்கை உலகை விட்டே ஒழிந்ததாக 2011இல் அறிவித்துவிட்டார்கள், குழம்ப எதுவும் மிச்சமில்லை.

பெயரில் சூடு இருப்பது வேலைக்கும் உதவும், ஏனென்றால் நோய் தொடங்குவதே சூட்டில். தொற்றிய 4 முதல் 6 நாளில் காய்ச்சல் 104, 106 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறும். கண்ணிலும் மூக்கிலும் முதலில் தண்ணீராக வடியும், பிறகு கெட்டிப்பட்டு மூக்குத்துளையை அடைக்கும், பீளையில் இமை ஒட்டிக்கொள்ளும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறில் தவிடு தூவியதுபோல் வெண்படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் உரிந்து கீழே சிவந்த புண் தெரியும், நாற்றம் அடிக்கும். மூன்று நான்கு நாளில் கழிச்சல், இருமல். சினை ஆடு குட்டி வீசும். உதட்டுக்கு வெளியே பொருக்குத் தட்டி, கழிச்சலும் காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் அது வேறு வாய்ப்புண். தொடை இடுக்கிலும் வாலடியிலும் கெட்டியான கொப்புளம் இருந்தால் ஆட்டம்மை. முகம் வீங்கிக் குளம்புக்கு மேலே சிவந்து நொண்டினால் நீலநாக்கு நோய். அது கொசு மாதிரி சின்னப் பூச்சி கடித்துப் பரவுவது. (அதிலும் நாக்கு நீலமாவது அபூர்வம். அந்தப் பெயரை இன்னொரு நாள் திட்டலாம்.)

வாயைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. காய்ச்சல் இருக்கும்போதே, கழிச்சல் முற்றுவதற்குள், கண், மூக்கு வடிசலைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்ப வேண்டும். செத்த ஆடு என்றால் நுரையீரல், மண்ணீரல், குடல் நிணநீர்க்கட்டி. பெருங்குடலைக் கிழித்தால் உள்ளே வரிக்குதிரைபோல் சிவப்புக் கோடு ஓடியிருக்கக்கூடும். வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.டி.பி.சி.ஆர். அல்லது ஆன்டிஜென் எலைசா சோதனையைக் கேளுங்கள். ஊசி போட்ட மந்தையில் எதிர்ப்பொருள் சோதனை உதவாது: நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே கிடைத்த வைரஸிலிருந்து உருவான தடுப்பூசிக்கு ‘அரசூர் 87’ என்றே பெயர். அளவு 1 மில்லி, தோலுக்கடியில், குட்டிக்கு 3 மாதம் கடந்த பிறகு. கரைத்த மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கிறது. அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பிளேக் என்கிறார்கள்.